இல்லாத மச்சினனுக்கு ஓர் இடம்

ஐந்தாறு வருடங்களுக்கு முன்னால், ஓர் ஆனி மாதத்தில், தூத்துக்குடியில் நடந்தது இது. ஆனியிலும் ஆடியிலும் எங்கள் பக்கம் வீசுகிற காற்றைப் பழகியவர்களுக்குத் தெரியும், கண்ணைத் திறந்துகொண்டு நடந்தாலும் பாதித் தூக்கத்தில் நடப்பது போலத்தான் இருக்கும். உப்பளப் பக்கமிருந்து வெள்ளையாக ஏதோ பறந்துகொண்டே இருக்கும். துறைமுகத்துக் கிரேன்கள் தண்ணீருக்குள் நிற்பவை போலக் கலங்கித் தெரியும். அந்தக் காற்றுக்குள் பத்துப் பன்னிரண்டு நாட்கள் நான் வீடில்லாமல் திரிந்தேன்.

வீடில்லாமல் என்று இன்று எழுத முடிகிறது. அன்று அந்தச் சொல்லை என் காதுக்குக்கூட நான் சொல்லிக்கொண்டதில்லை.

பதினோரு வருடம் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்த்தேன். அதன் மாடியிலேயே படுக்கை. முதலாளிக்கு வயதாகிவிட்டது, கடையை மூடிவிட்டு வெளியூரில் இருக்கும் மகனோடு போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் ஊர் ஏரல் பக்கம். அங்கிருந்த வீட்டை மனைவியின் வைத்தியத்துக்காக விற்றேன், அவளும் தங்கவில்லை. 'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்று ஊருக்கெல்லாம் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். ஒற்றைப் பையோடு தெருவில் நின்றபோது அந்த எலியின் மேலேயே பொறாமையாக இருந்தது.

வேலை ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பக்கத்தில் இருக்கிற புதுக்கோட்டை கிராமத்துக்குப் போகிற ரோட்டில் ஓர் உப்பு கம்பெனி. லாரிகளை நிறுத்திப் பார்க்கும் எடைமேடையில் உட்கார ஆள் தேடினார்கள். என்னைப் பிடித்துப்போய், ஒன்றாம் தேதி வந்து சேரச் சொன்னார்கள். வரும்போது உள்ளூர் முகவரியும், என்னை நன்றாகத் தெரியும் என்று உள்ளூர்க்காரர் ஒருவர் போட்ட கையெழுத்தும் வேண்டும். அது இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். எனக்குத் தெரிந்தவர்களெல்லாம் லாரிக்காரர்கள். இன்றைக்கு இங்கே, நாளைக்கு வேறு மாநிலத்தில். வாடகைக்கு வீடு கேட்ட இடங்களில், குடும்பமா தனி ஆளா என்று கேட்டுவிட்டுக் கதவைப் பாதி சாத்தினார்கள்.

'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்பார்கள். எனக்கு வாய்க்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் எனக்காகக் கேட்க வேண்டும் என்றதும் அது பூட்டிக்கொண்டது. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் படுத்து எழுந்த மூன்றாம் நாள் காலை, மீன்பிடித் துறைமுகம் போகிற வழியில் ஓர் இட்லிக் கடையில் போய் நின்றேன். நாலு பலகை, மேலே தார்ப்பாய், காற்றில் அது பாய்மரம் போலப் படபடத்துக்கொண்டிருந்தது. கடை நடத்துகிறவருக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். யாரையும் முறை சொல்லியே கூப்பிடுகிற ஆள் நான். அக்கா என்றேன்.

இங்கே குளிக்க, படுக்க எங்காவது இடம் உண்டா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். நுனிநாக்கில் என்ன புரண்டதோ, என் மச்சினன் ஒருத்தன் ஊரிலிருந்து வந்திருக்கிறான், அவனுக்குக் குளிக்க, தங்க இடமில்லை என்று வந்துவிட்டது.

'அக்காள் உண்டானால் மச்சான் உறவு உண்டு' என்று ஒரு சொலவடை இருக்கிறது. எனக்கு அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. மனைவியோ வீட்டுக்கு ஒற்றைப் பிள்ளை. மச்சினன் என்று கூப்பிட உலகத்தில் ஓர் ஆள் இல்லாதவன் நான்.

அக்கா என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இட்லித் தட்டைக் கவிழ்த்தபடியே சொல்லத் தொடங்கினார். மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் குழாயில் விடிகாலையில் நல்ல தண்ணீர் வரும், கூட்டம் சேருவதற்குள் குளித்துவிடலாம். போனுக்கு சார்ஜ் போட நூலகம், பேப்பர் படித்துக்கொண்டே உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை மாதா கோயில் பக்கம் மத்தியானச் சோறு, வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் தெருவில், மற்ற நாட்களில் சிவன் கோயில் அன்னதானம். காய்ச்சல் என்றால் பெரியாஸ்பத்திரியில் இத்தனையாவது வரிசை. படுக்க மாநகராட்சி நடத்துகிற விடுதி இருக்கிறது, கட்டிலும் போர்வையும் தருகிறார்கள். பதினோரு வருடம் நான் குடியிருந்த ஊருக்குள் இப்படி இன்னோர் ஊர் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த விடுதியை எனக்குத் தெரியும். அதன் வாசலில் மூன்று தரம் நடந்திருந்தேன். 'வீடற்றோர் தங்கும் விடுதி' என்று போர்டில் எழுதியிருக்கும். ஒவ்வொரு தரமும் அதைப் படித்துவிட்டு, அது வேறு யாருக்கோ என்று நடையை எட்டிப் போட்டிருந்தேன்.

கிளம்பும்போது மச்சினனுக்கு என்று ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். நான் கடற்சுவரில் போய் உட்கார்ந்து என் மச்சினனின் இட்லியைத் தின்றேன்.

மறுநாள், ஒங்க மச்சினன் சாப்டாரா, சட்னி எப்படி என்று கேட்டார். ஒன்றும் சொல்லாவிட்டால் பொய் தெரிந்துவிடுமே என்ற பயத்தில், உப்பு கொஞ்சம் கம்மி என்றான் என்று சொல்லித் தொலைத்தேன்.

“உப்பு ஊர்ல இருந்துக்கிட்டு உப்புக் கம்மின்னு சொன்னாராக்கும்” என்றார் அக்கா. “கொழுப்புக் கம்மி இல்ல.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஊரார் சொல்கிற மாதிரி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. இனி தினமும் கொஞ்சம் சோறு போட்டு மூட வேண்டும். அக்கா கேட்கக் கேட்க மச்சினனுக்கு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. வெயிலில் தலைவலி, இடது முழங்காலில் பிடிப்பு, காற்றைக் கண்டால் இருமல். எல்லாம் எனக்கு இருந்தவைதான். ஆனால் அவனுடையவை என்று சொன்னதும் வலி கொஞ்சம் தள்ளி நின்றது. ஏலக்கூடத்துக் குழாயில் அவனைக் குளிப்பாட்டினேன். நூலகத்தில் அவனைத் தூங்கவிட்டு நான் காவல் இருந்தேன். கடற்சுவரில் உட்காரும்போது என்னை அறியாமல் பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார ஆரம்பித்தேன். தூரத்தில் கப்பல்கள் நகருகின்றனவா நிற்கின்றனவா என்றே தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருப்போம்.

விடுதிக்கு மட்டும் அவனைக் கூட்டிப் போகவில்லை. அங்கே பேர் எழுத வேண்டுமே.

ஒரு வாரம் போயிருக்கும். அன்று கடையில் அக்காவின் வீட்டுக்காரர் இருந்தார். சங்கு குளிக்கிறவர். காற்றுக் காலம் என்பதால் கடலுக்குப் போகவில்லை, முங்கும்போது மூச்சுவிடுகிற ரப்பர் குழாயைச் சுருட்டித் துடைத்துக்கொண்டிருந்தார். நெடுநாள் ஆழத்தில் முங்கியதில் ஒரு காது கேட்காது, பேச்சு எப்போதும் சத்தமாகத்தான் வரும். என் மச்சினன் கதை அவர் காதுக்கும் போயிருந்தது.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன், கோவிக்கக் கூடாது” என்றார். “நாங்க தண்ணிக்குள்ள முங்கும்போது கயித்த யாரு கையில குடுப்போம் தெரியுமா? மச்சினன் கையில. கூடப் பொறந்தவன் கையிலகூட குடுக்க மாட்டோம். அக்கா தாலிய நெனச்சு பயப்படுதவன் அவன் ஒருத்தன்தான். இப்பம் கயிறு போயி குழாய் வந்துட்டு, அதையும் அவன்தான் பாத்துக்கிடுதான். அவன் நமக்குக் கயிறு பிடிச்சா நாம அவனுக்குப் பிடிக்கணும்லா? நீங்க மச்சினனத் தெருவுல போட்டுட்டு இங்கன உக்காந்து இட்லி திங்கியளே.”

அவ்வளவு பேர் முன்னால், என்னைத் தெருவில் விட்டதற்காக என்னையே திட்டினார். தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்தவனுக்குக் கடற்கரையில் மச்சினன் என்ற சொல்லுக்கு இவ்வளவு கனம் இருப்பது தெரியாது. சிற்றப்பன் மகன் என்றோ சிநேகிதன் என்றோ சொல்லியிருக்கலாம். நாளைக்கு அவரைக் கூட்டிட்டு வாங்க, நானே விடுதியில சேத்துவிடுதேன் என்று முடித்தார். நான் தலையாட்டினேன். அக்கா சாம்பாரைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அந்தப் பக்கமே போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. இட்லி போனால் போகிறது. மச்சினன் போய்விட்டதுதான் என்னவோ செய்தது. கடற்சுவரில் பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தாலும் அங்கே யாரும் வரவில்லை. காற்று மட்டும் அந்த இடத்தில் மண்ணைக் கொண்டுவந்து குவித்தது. தண்ணீருக்கு அடியில் போனால் சத்தமே இருக்காது என்று சங்கு குளிக்கிறவர் ஒருநாள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். கரையில் உட்கார்ந்தபடியே நான் அந்த இடத்துக்குப் போயிருந்தேன் என்று நினைக்கிறேன். பின்னால் லாரிகள் போயின, மாதா கோயில் மணி அடித்தது, எதுவும் எனக்காக இல்லை. ஒன்றாம் தேதிக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

அப்போதுதான் உடம்பு சுடுவது தெரிந்தது. எத்தனையாவது வரிசை என்று அக்கா சொல்லியிருந்தார், என் மச்சினனுக்கு. அவனுக்குச் சொன்ன எல்லாமே என்னிடம் இருந்தது, அங்கெல்லாம் போய் நிற்க என் பெயரைத்தான் நான் இன்னும் கொடுக்கவில்லை.

எழுந்து கடைக்கு நடந்தேன். அக்காவும் இருந்தார், வீட்டுக்காரரும் இருந்தார், சாப்பிடுகிறவர்கள் நாலைந்து பேரும் இருந்தார்கள். மச்சினன் வந்திருக்கிறாரா என்று வீட்டுக்காரர் கேட்டார். வந்திருக்கிறான் என்றேன். எங்கே என்று என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“நான்தான்” என்றேன்.

“என்னது?” என்று நல்ல காதைத் திருப்பினார்.

எவ்வளவோ நாள் அடக்கிவைத்ததை ஒரு தரம் சொல்வதே பாடு. அதை உரக்க இன்னொரு தரம் சொல்ல வைத்தது அந்தக் காது. “மச்சினன்னு யாரும் இல்ல. எனக்குத்தான் வீடு இல்ல” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். சொன்ன பிறகு தார்ப்பாய் படபடக்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அக்கா கரண்டியை வைத்துவிட்டு, முதல் நாளே தெரியும் என்றார்.

“மச்சினனுக்குக் குளிக்க இடம் கேட்டாரு. சட்டையில உப்புப் பூத்திருந்தது இவருக்கு. அவரா சொல்லட்டும்னு இருந்தேன்.”

தெரிஞ்சா சொல்ல வேண்டாமா, நான் பாட்டுக்கு அவரை ஏசிட்டேனே என்று வீட்டுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு குழாயை ஓரமாக வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, என் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பையை வாங்கும்போது என் கை சுட்டது அவருக்குத் தெரிந்திருந்தது, அதனால் முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் விடுதி.

நாலாவது தரமாக அந்தப் போர்டுக்குக் கீழே வந்தேன். ஒரு பக்கம் அவர் என் பையோடு நின்றதால் நடையை எட்டிப் போட முடியவில்லை. உள்ளே பதிவேட்டோடு ஓர் இளம்பெண் இருந்தார். பேர், ஊர், வயது என்று எழுதிக்கொண்டே வந்து, இங்கே உங்களுக்குத் தெரிந்தவர் யார் என்றார். கூட வந்தவர் தன் பேரைச் சொன்னார். என்ன உறவு என்றார் அந்தப் பெண். நான் வாயைத் திறப்பதற்குள், “மச்சினன்னு எழுதும்மா” என்றார் அவர்.

அந்தப் பெண் நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தார். பேரும் வேறு, ஊரும் வேறு, கும்பிடுகிற சாமியும் வேறு. எந்த வழியில் மச்சினன் என்று சிரித்தபடி கேட்டார்.

“என் பொஞ்சாதிய அக்கான்னுதான் கூப்பிடுதாரு” என்றார் அவர். “வேற எந்த வழி வேணும்?”

விடுதி முகவரியும் அவர் போட்ட கையெழுத்தும் ஒரே தாளில் கிடைத்தன. கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் தாளை நீட்டும்போது, “பத்திரம் மாப்ள” என்றார். அண்ணாச்சி என்று கூப்பிடுவது அதோடு போயிற்று. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பார்களே, பிடுங்காத குறைதான், அந்தக் கட்டிலில் நாலு மாதம் படுத்தேன். பிறகு தனியாக ஓர் அறை பிடித்தேன். இன்றைக்கும் எடைமேடையில்தான் இருக்கிறேன்.

சில நாட்களில் அந்த ஜன்னலுக்கு வெளியே யாராவது வந்து நின்று, கூட்டாளி ஒருத்தனுக்குக் குளிக்க இடம் வேண்டும், படுக்க இடம் வேண்டும் என்பார்கள். கூட்டாளி எங்கே என்று நான் கேட்பதில்லை. குழாய், நூலகம், சோறு, கட்டில் என்று அக்கா சொன்ன வரிசையிலேயே சொல்லி, கூட்டாளி மெதுவாக வரட்டும் என்று அனுப்புகிறேன். இல்லாத ஒருவனுக்காக நான் கேட்டேன், இருக்கிற எனக்கு அவர்கள் கொடுத்தார்கள். காற்றுக் காலம் வந்து கடற்சுவரில் உட்காருகிற போதெல்லாம், பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டுத்தான் இன்றும் உட்காருகிறேன்.