மயூரி ஊருக்குப் போகிறாளாம்

லவினா அக்காவின் சத்தம் எங்கள் மாடிக்கு முழுக்கத் தெரியும். லிஃப்ட் நின்றால் கத்துவார். தண்ணீர் வராவிட்டால் கத்துவார். குப்பைப் பையை வாசலில் வைத்தவனின் பரம்பரையையே இழுப்பார். கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். புருஷன் போன பிறகு வெள்ளவத்தைக்கு வந்து, ஏ.எல். பரீட்சைக்குப் படிக்க வரும் வெளியூர்ப் பெண்பிள்ளைகளுக்கு போர்டிங் நடத்துகிறார். நான் எதிர்வீட்டுக்காரி. அவர் வாய்க்குப் பயந்து கதவை மெதுவாகச் சாத்துகிறவள்.

அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் பயமில்லை. சோதனை நெருங்கினால், வீட்டிலிருந்து ஏச்சு வந்தால், யாராவது ஒருத்தி, "அன்ரி, எங்கயாவது போயிடோணும் போல இருக்கு" என்று வந்து நிற்பாள். அக்கா புத்தி சொல்ல மாட்டார். "சரி, வா போவம்" என்று செருப்பைப் போடுவார். இரண்டு பேரும் கடற்கரை வீதியால் பம்பலப்பிட்டிப் பக்கம் நடப்பார்கள். வழி நெடுக அக்கா நடைபாதையில் மோட்டார் சைக்கிள் நிறுத்தியவனை ஏசிக்கொண்டு போவார். இடையில் தாய்க்கு ஃபோன் எடுத்து, "மகள் என்னோட தான் இருக்கா" என்று சொல்லிவிடுவார். ஏன் என்று மட்டும் சொல்ல மாட்டார். அதைப் பிள்ளையே சொல்ல வேண்டும். கால் வலித்து அவள் உட்கார்ந்ததும் ஒரு ரோல்ஸை வாங்கிக் கொடுத்து, "இப்ப சொல்லு" என்பார்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மயூரி அடிக்கடி நடக்கக் கேட்டாள். இது நடையால் தீருகிற விஷயமில்லை என்று கண்ட அக்கா, பிள்ளையிடம் சொல்லிவிட்டே தகப்பனை ஊரிலிருந்து வரவழைத்தார்.

"பிள்ளைக்கு ஓடிப்போகோணும் எண்டு வருது. ஒரு டொக்டரிட்டக் காட்டுங்க. என்ன பிரச்சினை எண்டு இருந்து கேளுங்க."

தகப்பன் தனஞ்சயன் பதறினார், பிள்ளைக்காக இல்லை. "உந்தக் கதையை வெளியில விடாதேங்கோ அக்கா. நாளைக்குக் கலியாணம் பேசேக்க ஆர் பதில் சொல்லுறது?"

அன்றைக்கே மயூரியைப் பக்கத்துத் தெருவில் இருந்த தன் தம்பி வீட்டுக்கு மாற்றினார். தானும் அங்கேயே தங்கினார். ஃபோனைப் பறித்தார், கதவைப் பூட்டினார். ஓடப் போகிறேன் என்று வாய் திறந்து சொன்ன பிள்ளைக்கு இவர் கண்ட வைத்தியம் அது. இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த கிழமை ஒரு நாள் காலை, காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவனுக்குக் கதவு திறந்த நேரம், மயூரி பையோடு இறங்கிப் போய்விட்டாள். பெற்றவன் பொலிசுக்கு ஓடியிருக்க வேண்டும், தெருவெல்லாம் கேட்டிருக்க வேண்டும். இந்த மனிதர் வாட்ச்மேன், பாமசி, பழக்கடை, டியூசன் வகுப்பு என்று ஒவ்வொரு இடமாகப் போய், "மயூரி ஊருக்குப் போறா" என்று சொல்லிக்கொண்டு வந்தார். பிள்ளை காணாமல் போனது ஒருவருக்கும் தெரியக் கூடாதாம். மானம் போய்விடுமாம்.

பின்னேரம் அக்காவிடம் வந்தார். மகள் புத்தகம் ஏதும் விட்டுவிட்டாளா என்று பார்க்க வந்தாராம்.

"மயூரி எங்க?" என்றார் அக்கா.

"ஊருக்குப் போயிட்டா."

"அப்ப என்னத்துக்கு என்ட கட்டிலுக்குக் கீழ குனிஞ்சு பாக்குறீங்க?"

அவர் அவசரமாக நிமிர்ந்தார். அக்கா அதற்கு மேல் கேட்கவில்லை. படியிறங்கித் தெருவுக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன். "மயூரியைக் காணல்ல! ஆராவது கண்டீங்களா?" என்று அவர் போட்ட சத்தத்தில் சனம் நிறைந்த காலி வீதியே திரும்பிப் பார்த்தது. தனஞ்சயன் அவருடைய கையைப் பிடித்து, "மெதுவா, மெதுவா" என்றார். அக்கா கையை உதறினார். "மெதுவா எண்டா? உன்ட பிள்ளை செத்துக் கிடந்தாலும் மெதுவாத்தான் தேடுவியா?"

பழக்கடை பஸீர் எழுந்து வந்தார். "காணல்லயா? ஊருக்குப் போற எண்டு அவட வாப்பாதானே சொன்னாரு. புள்ள ஸ்டேஷன்ல தானே ஈக்கிது. நான் தண்ணிப் போத்தலும் குடுத்தேன்."

ஸ்டேஷன் கடலோரம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பாறையும் அலையும். அக்கா வாய் மூடி ஓடியதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

மயூரி மேடைக் கடைசியில் ஒரு பெஞ்சில் இருந்தாள். மடியில் பை. கண் வீங்கியிருந்தது. அக்கா மூச்சு வாங்க அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். ஏசவில்லை. கொழும்புக் கோட்டைக்குப் போகும் ரெயில் ஒன்று வந்து நின்று போனது.

பின்னால் வந்த தனஞ்சயன் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு மகளிடம் குனிந்து, தணிந்த குரலில் முதல் கேள்வியைக் கேட்டார்.

"தெரிஞ்ச ஆக்கள் ஆராவது கண்டவையோ?"

மயூரி தலை நிமிர்ந்தாள்.

"எல்லாரும் கண்டவை, அப்பா. டியூசன் சொல்லித்தாற சேரும் கண்டவர். சந்தோசமாப் போயிட்டு வா எண்டு சொல்லிட்டுப் போனவர். நான் காலமை தொடக்கம் இதில இருந்து அழுறன். ஏன் அழுறாய் எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல."