மச்சானுக்கு நான் போட்ட மார்க்ஸ்

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எங்கள் வீட்டில் என்னோடு பேச்சுவார்த்தை நின்றுபோயிருக்கிறது. வீட்டில் இருப்பதே மூன்று பேர். நான், மனைவி வசந்தி, அவளுடைய தம்பி சபேசன். இதில் சபேசன் கொஞ்சம் பேசுகிறான். அநியாயம் நடந்தது அவனுக்கு, வாயை மூடிக்கொண்டிருப்பது அவனுடைய அக்கா... இது எந்த ஊர் வழக்கம்?

நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

சபேசனுக்கு இருபத்தாறு வயது. ஹவுன்ஸ்லோவில் விமானச் சரக்குகளை ஏற்றி இறக்கும் ஷெட்டில் வேலை. நம்முடைய பெடியன்கள் வார இறுதியில் கிரிக்கெட் ஆடுவார்கள், வொலிபோல் ஆடுவார்கள். இவனுக்கு அமெரிக்கன் ஃபுட்போல் பைத்தியம். டெலிவிஷனில் அதைக் காட்டத் தொடங்கியதிலிருந்து லண்டனில் பார்க்குக்கு ஒரு டீம் முளைத்திருக்கிறது அல்லவா? கோலியர்ஸ் வுட்டில், எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில், அப்படியொரு டீமுக்கு இவன் குவார்ட்டர்பேக்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை வாங்கி, ஓடிக்கொண்டிருக்கும் தன் ஆட்களில் யாருக்கு எறிவது என்று மூன்று நான்கு விநாடிக்குள் முடிவெடுக்க வேண்டும். அதற்குள் எதிரணித் தடியர்கள் நாலைந்து பேர் அவர்மேல் விழுவதற்கு ஓடி வருவார்கள். அவ்வளவுதான் விளையாட்டு. மிச்சமெல்லாம் அங்கியும் தொப்பியும்.

"அவனுக்கு அடிகிடி பட்டா ஆர் பாக்கிறது? நீங்களும் போங்கோ" என்று வசந்தி என்னை அனுப்பி வைத்தாள். ஆகவே ஞாயிறுதோறும் நானும் பார்க்கில் நின்றேன். கோச் கெவின் என்னைப் பார்த்தார். என் சட்டைப்பையில் பேனாவைப் பார்த்தார். இந்தியர்கள் எல்லாரும் கணக்கில் புலிகள் என்று இந்த நாட்டில் ஒரு நம்பிக்கை. நான் இந்தியன் இல்லை, இலங்கையன், கணக்கில் பாஸ் பண்ணியதே பெரும்பாடு என்று சொல்லி முடிப்பதற்குள் என் கையில் கிளிப்போர்டைத் திணித்துவிட்டார். அன்றிலிருந்து டீமின் புள்ளிவிவரத்துக்கு நான் பொறுப்பு.

டீமில் குவார்ட்டர்பேக் இரண்டு பேர். சபேசன் பாதி நேரம், ஸ்டீவ் என்ற வெள்ளைக்காரப் பெடியன் பாதி நேரம். ஒவ்வொருவரும் எத்தனை எறிந்தார்கள், எத்தனை பிடிபட்டது என்று நான் எழுத வேண்டும். பந்து சரியாக வந்தும் பிடிக்க வேண்டியவன் தவறவிட்டால், பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம். நட்சத்திரம் போட்டால் அது எறிந்தவன் கணக்கில் சேராது. எறிந்தவன் பிழையா, பிடிக்காதவன் பிழையா? தீர்மானிப்பவர் — நான்.

இங்கேதான் சனியன் பிடித்தது.

நம்மூரில் வாத்தியார் பிள்ளையாகப் பிறந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். என் அப்பாவே எனக்குக் கணக்கு வாத்தியார். மற்றப் பிள்ளைகளுக்கு விடை பிழைத்தாலும் செய்த வழிக்கு மார்க்ஸ் போடுவார். எனக்கு விடை சரியாக இருந்தாலும், கையெழுத்துக்கு இரண்டைக் குறைப்பார். 'தன்ர பிள்ளைக்குப் போட்டார்' என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். அந்த இரண்டு மார்க்ஸை எண்ணி எண்ணிப் பொருமிய அதே நான் என்ன செய்தேன்?

ஸ்டீவ் எறிந்த பந்து பிடிப்பவன் விரலில் பட்டு விழுந்தால் — பாவம், நல்ல எறி, நட்சத்திரம். சபேசன் எறிந்தது இரண்டு உள்ளங்கையிலும் விழுந்து நழுவினால்? கொஞ்சம் வேகம் கூடிவிட்டது, நட்சத்திரம் இல்லை! பக்கத்தில் நிற்கிற எல்லாருக்கும் அவன் என் மச்சான் என்று தெரியும். என் நேர்மையை யாரும் சந்தேகிக்கக் கூடாதே. எவ்வளவு நியாயவான் பாருங்கள் நான்!

சீசன் முழுக்க இப்படி. போன ஞாயிறு பயிற்சி முடிந்ததும் கெவின் எல்லாரையும் கூட்டி வைத்து என் தாள்களை வாசித்தார். வருகிற ஞாயிறு கடைசி மேட்ச். வென்றால் மேல் டிவிஷன். அந்த மேட்சில் முழு நேரமும் ஒரே குவார்ட்டர்பேக்தான். சபேசனுக்கு நூற்றுக்கு நாற்பத்தாறு, ஸ்டீவுக்கு ஐம்பத்தெட்டு. "நம்பர்ஸ் டோன்ட் லை" என்றார் கெவின். ஸ்டீவ் ஆடுவான், சபேசன் பெஞ்சில்.

இந்த மேட்சுக்காக இவன் மூன்று வாரம் நைட் ஷிப்ட் மாறி எடுத்திருந்தான். ஹெல்மெட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னோடு நடந்து வந்தான். வீட்டுக்கு வந்து வசந்தியிடம் உண்மையைச் சொன்னேன்.

"நீங்களோ குறைச்சுப் போட்டனீங்கள்?"

"குறைக்கேல்லை... கூட்டேல்லை. அவ்வளவுதான்."

"என்னோட கூடப் பிறந்ததோ அவன் செய்த பிழை?" என்றாள். அதுதான் அவள் என்னிடம் பேசிய கடைசி வசனம்.

செவ்வாய்க்கிழமை எல்லாத் தாள்களையும் மேசையில் பரப்பினேன். ஸ்டீவை எப்படிப் பார்த்தேனோ அதே கண்ணால் சபேசனையும் பார்ப்பது என்று முடிவு. ஒவ்வொரு எறியும் ஞாபகம் வந்தது. முக்கியமாக அந்த மழை நாள். டீமில் பந்து பிடிக்கிறவர்களில் டோனி என்று ஒரு நல்ல மனிதர், இறைச்சிக் கடைக்காரர். அன்றைக்கு நான்கு பந்தை வரிசையாகக் கீழே போட்டார். ஐந்தாவதையும் சபேசன் அவருக்கே எறிந்தான். பிடித்துவிட்டார்! ஏன் அவருக்கே எறிந்தாய் என்று பிறகு கேட்டேன்.

"நான் எறியாட்டி அந்தாள் இனிப் பந்தைக் கண்டாலே பயப்பிடும் அத்தான். பேந்து ஒருநாளும் பிடிக்க ஏலாது" என்றான்.

என் தாளில் அது எப்படி இருக்கிறது? ஐந்து எறிந்தான், ஒன்று பிடிபட்டது. ஒரு மனிதனுக்குத் தைரியத்தைத் திருப்பிக் கொடுத்ததை நான் எந்தக் கட்டத்தில் எழுதுவது? டெலிவிஷனில் பாருங்கள், குவார்ட்டர்பேக்கின் முகத்தைக் காட்டுவதற்கு முன்பே எண்களை ஓடவிடுகிறார்கள். இவர் பெரியவரா அவர் பெரியவரா என்று தசமப் புள்ளி வரைக்கும் சண்டை. அவருக்கு முன்னால் நின்று அடி வாங்கி அவரைக் காப்பாற்றியவனின் கணக்கு அதில் இருக்கிறதா? மழை இருக்கிறதா? கிளிப்போர்டோடு நின்ற மடையன் அன்றைக்கு யாருக்குப் பயந்தான் என்பது இருக்கிறதா?

திருத்தி முடித்தபோது சபேசன் ஸ்டீவைத் தாண்டிவிட்டான். புதன்கிழமை பயிற்சிக்குப் போய், கெவினிடம் புதுத் தாளை நீட்டி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். முழு சீசனிலும் நான் எழுதிய ஒரே உண்மையான தாள் அதுதான்.

கெவின் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"ஹீ இஸ் யுவர் பிரதர்-இன்-லோ, இஸின்ட் ஹீ?" என்றார். தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு விசிலை ஊதிக்கொண்டு போய்விட்டார்.

பொய்த் தாளை ஒரு சீசன் முழுக்க நம்பியவர், உண்மைத் தாளை ஒரு நிமிடம்கூட நம்பவில்லை. யாரிடம் போய்ச் சொல்லி அழ?

வீட்டுக்கு வந்து சபேசனிடம் சொன்னேன். சப்பாத்தில் இருந்த சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கோபமோடா?"

"கோபந்தான் அத்தான். இல்லையெண்டு சொன்னாப் பொய்."

"ஞாயிறு போகப் போறியோ?"

"ஓம், போகாம? பெஞ்சில இருக்கிறதுக்கும் ஆள் வேணுந்தானே. டோனிக்குப் பக்கத்தில நிண்டு கதை குடுக்கோணும். பெரிய மேட்ச் எண்டா அந்தாளுக்குக் கை நடுங்கும்."

இவனையா நான் நாற்பத்தாறு என்று எழுதினேன்? வெட்கமாக இருந்தது. "தம்பி, நான் உன்னைப் பற்றி பேப்பரில என்ர பத்தியில எழுதப் போறன். ஊர் உலகத்துக்குத் தெரியட்டும்" என்றேன்.

அப்போதுதான் அவன் நிமிர்ந்தான். "ஐயோ, வேண்டாம் அத்தான். உண்மையை எழுதினாலும் ஒருத்தரும் நம்பாயினம். மச்சான் எண்டபடியால எழுதுறார் எண்டுதான் சொல்லுவினம்."

சொல்லட்டுமே! ஒரு சீசன் முழுக்க அந்தப் பேச்சுக்குப் பயந்துதானே இவ்வளவும் செய்தேன்? ஆகவே இதோ, கிளிப்போர்ட் இல்லாமல், நட்சத்திரம் இல்லாமல் எழுதுகிறேன்: தென் லண்டனிலேயே சிறந்த குவார்ட்டர்பேக் சபேசன்தான்.

ஓம், என்னுடைய மச்சான்தான்... அதற்கென்ன இப்போது?