ஆம்பூர் வழியில் கெட்டிக் காற்று

போன வாரம் பிரேசர் டவுனில் பிரெட் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். சிக்னலில் நின்றிருந்த ஒரு பழைய கார் இரண்டு தரம் இருமிவிட்டு, எரியாத பச்சைப் பெட்ரோல் நெடியை அப்படியே என் முகத்தில் விட்டுவிட்டுப் போனது. பக்கத்தில் நின்ற அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் மட்டும் ஏதோ மல்லிகைப்பூ வாசம் மாதிரி நன்றாக இழுத்துக்கொண்டேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அந்த நெடியோடு சாலமனின் கார் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. சாலமன் என்னோடு வேலை பார்த்தவன், கோலார் தங்கவயல்காரன். சுரங்கத்தை மூடிய பிறகு, அங்கே முப்பது வருஷம் பாறை உடைத்த தன் அப்பாவை ஜோகுபாளையத்து வாடகை வீட்டுக்குக் கூட்டிவந்து வைத்திருந்தான். அவன் நைனா என்று கூப்பிட்டான், நானும் நைனா என்றே கூப்பிட்டேன். நுரையீரல் முழுக்கப் பாறைத் தூசி. தெருமுனை டீக்கடைக்குப் போக நடுவில் இரண்டு இடத்தில் நிற்பார். நிற்பதை மறைக்க, போஸ்டர் படிப்பது போல் பாவனை செய்வார். ஒரே போஸ்டரை ஒரு மாதம் படித்தார்.

அவருடைய அக்கா ஆம்பூரில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பஸ்ஸிலோ ரயிலிலோ நைனாவால் போக முடியாது. சாலமனின் கார் இருந்தது, ஆனால் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் அதன் கார்புரேட்டர் கசிந்து கசிந்து வண்டிக்குள் பெட்ரோல் நெடி. ஏறி உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் நைனாவுக்கு இருமல் பிடித்துக்கொள்ளும், பிறகு நிற்காது.

"அக்கா போன்ல பேசுச்சுடா. என்னிய ஒரு தபா பாக்கணுமாம்," என்றார் ஒருநாள். அவ்வளவுதான் சொன்னார். சாலமன் என்னை மாடிக்கு இழுத்துப் போனான்.

"மச்சா, கார்புரேட்டர தூக்கிடலாம். இன்ஜெக்‌ஷன் பண்ணிடலாம்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் வாரம் ஆறு நாளும் இன்ஜெக்‌ஷனில் எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் பீய்ச்சுவது என்று கணக்குப் போடும் மென்பொருளை எழுதித்தான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தோம். நிஜ எஞ்சினில் கை வைத்ததில்லை என்பது வேறு விஷயம்.

சிவாஜிநகர் குஜிரியில், அதாவது பழைய இரும்புக் கடைகளில், அலசி ஒரு வெளிநாட்டு மோட்டார்சைக்கிளின் த்ராட்டில் பாடிகளைப் பிடித்தோம். ஒரே கம்பியில் கோத்த நாலு குட்டைக் குழாய்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் காற்றுக்கு வழி விட்டு மூடும் ஒரு பித்தளைத் தகடு. கடைக்கார பாய் ஒரு தகட்டை விரலால் தள்ளினார், நாலும் ஒன்றாகத் திறந்தன. "பாத்தியா பா? நாலும் அண்ணன் தம்பி. பிரிச்சிராத," என்றார்.

பிரித்தோம். வேறு வழியில்லை. மோட்டார்சைக்கிள் எஞ்சின் ஒடுக்கம், கார் எஞ்சின் அகலம், இடைவெளி பொருந்தவில்லை. சந்தாபுராவில் ஒரு லேத்துப் பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டகை பிடித்து, இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளை அதில் தொலைத்தோம். சாலமன் குழாய் வெட்டிப் பற்றவைத்தான். நான் பெட்ரோலை அளந்து விடும் கன்ட்ரோலரை சோல்டர் செய்தேன், பாதி நேரம் என் விரலைத்தான் சோல்டர் செய்தேன். நாலு குழாயும் ஒரே அளவு காற்றை இழுக்கிறதா என்று பார்க்க ஒரு ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் குழாயின் வாயில் வைத்துக் கேட்போம். நாலிலும் சீறல் ஒரே மாதிரி வர வேண்டும். அது ஒருநாள் வந்தது. ஆக்ஸிலேட்டரைத் தொட்டதும் நாலு தகடும் சேர்ந்து திறந்து, கொட்டகைத் தகரமே அதிரும்படி எஞ்சின் காற்றை இழுத்த அந்தச் சத்தம் இன்னும் என் நெஞ்சுக்குள் இருக்கிறது. கோயிலில் கூட நான் அப்படி வாயடைத்து நின்றதில்லை.

எங்கள் கணக்கு எளிது. பெடல் அழுத்தம் இவ்வளவு, எஞ்சின் சுற்று இவ்வளவு என்றால் பெட்ரோல் இவ்வளவு என்று ஒரு பட்டியல். சந்தாபுராவுக்கும் ஜோகுபாளையத்துக்கும் நடுவே ஓட்டி ஓட்டி அதை நிரப்பினோம். மைலேஜ் ஆசையில் பெட்ரோலைக் கறாராகவே வைத்தோம்.

நைனா ஏறி உட்கார்ந்து மோப்பம் பிடித்தார். "வாசனையே இல்லியேடா!" என்றார். அடுத்த வாரம் ஆம்பூரிலிருந்து மறுபடி போன் வந்தது. டாக்டர் கையை விரித்துவிட்டாராம். மறுநாள் காலையில் கிளம்பிவிட்டோம்.

ஓசூர் வரை வண்டி வெண்ணெய். கிருஷ்ணகிரி தாண்டியதும் இலேசாகக் குலுக்கியது. பர்கூர் வருவதற்குள் 'டப் டப்' என்று காற்றிழுக்கும் வாய்வழியே வெடிக்க ஆரம்பித்து, ஒரு புளியமரத்தடியில் நின்றேவிட்டது. ப்ளக்கைக் கழற்றினோம். சுண்ணாம்பு தடவியது மாதிரி நுனி வெளுத்திருந்தது. பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். ஃபில்டரை ஊதினோம், சுத்தம். பம்ப் நன்றாக இருந்தது. ஒயர்களை ஆட்டினோம். ஒரு மணி நேரம் போனது.

"நைனாவ கூட்டிகினு வந்து நடுரோட்ல வுட்டேன் பாரு. அத்தை அங்க காத்துனு கெடக்குது," என்று சாலமன் பானட்டில் முட்டிக்கொண்டான். கண்ணில் தண்ணீர்.

அப்போதுதான் நைனாவைக் காணோம் என்று கவனித்தேன். பதறித் திரும்பினால், நூறடி தள்ளியிருந்த கடையிலிருந்து கையில் டீயோடு வந்துகொண்டிருந்தார். நடுவில் நிற்கவில்லை. படிக்க அங்கே போஸ்டரும் இல்லை.

"நைனா, மூச்சு வாங்கலியா?" என்றேன்.

"இங்க காத்து கெட்டிப்பா. சொரங்கத்துல கூண்டுல எறங்குவோம் பாரு, கீழ போவப் போவ காது அடைக்கும், காத்து கெட்டியாவும். இங்கயும் அப்டிதான் கீது. ஒரு இழுப்பு இழுத்தா நெஞ்சு ரொம்புது."

நானும் சாலமனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பெங்களூருக்கு வந்த புதிதில் அம்மாவுக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே "இந்த ஊர் மூவாயிரம் அடி உசரம், அதனால்தான் ஃபேன் வேண்டாம்" என்று பெருமை அடித்தவன் நான். பெங்களூரில் யாரைக் கேட்டாலும் இந்த வெதர் பெருமையைத்தான் பாடுவார்கள். ஆனால் இரண்டு மாதம் உட்கார்ந்து போட்ட பட்டியலில் அந்த உயரத்தைச் சேர்க்க எங்கள் இரண்டு பட்டங்களுக்கும் தோன்றவில்லை. கீழே இறங்க இறங்கக் காற்று கனக்கிறது. அதே அளவு திறந்தாலும் எஞ்சினுக்குள் காற்று அதிகம் போகிறது, நாங்களோ பெங்களூரு ரேஷனையே ஊற்றிக்கொண்டிருந்தோம்.

பானட் மேல் லேப்டாப்பை வைத்தேன். பட்டியல் முழுவதையும் எட்டு சதவீதம் கூட்ட ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும். சாலமன் சாவியைத் திருப்பினான். அம்மாடி! இதற்கு முன்னால் சந்தாபுராவில் கேட்ட சத்தம் ஒன்றுமேயில்லை. கெட்டிக் காற்றை வாய் நிறைய இழுத்து எஞ்சின் உறுமியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணுக்குத் தெரியாத காற்றுக்கு எடை உண்டு என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறேன். அன்றைக்குத்தான் நம்பினேன். அதைத் தன் நெஞ்சாலேயே நிறுத்துப் பார்த்த மனிதர் பின்சீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ஆம்பூரில் அத்தை கண் திறந்து பார்த்தார். "வந்துட்டியா தம்பி. மூச்சு வாங்குதாடா?" என்றார். சாகக் கிடக்கிறவர் கேட்ட முதல் கேள்வி அது.

"இல்லக்கா. இங்க வாங்கல," என்றார் நைனா, அந்தக் கையைப் பிடித்தபடி.

அத்தை மேலும் ஒன்பது நாள் இருந்தார், நாங்களும் அங்கேயே இருந்தோம். அடக்கம் முடிந்து கிளம்பக் கூப்பிட்டபோது நைனா, "நான் இங்கியே கீறேன்டா," என்றார். சாலமன் எவ்வளவோ கெஞ்சினான், அவர் அசையவில்லை. திரும்பும்போது நாங்கள் இரண்டு பேர்தான். சூளகிரி மேட்டில் வண்டி பாரமாகிக் கரும்புகை விட்டது. காற்று மெலிந்து பெட்ரோல் மிஞ்சிவிட்டது. ஓரமாக நிறுத்தி லேப்டாப்பில் பழைய எண்ணைப் போடப் போனோம். சாலமன் அதை அழுத்தும் முன், கீழ்நாட்டுப் பட்டியலை அழிக்காமல் தனியாகச் சேமித்து, அதற்கு 'நைனா' என்று பெயர் வைத்தான்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு தரம் நைனாவைப் பார்க்கப் போகும்போது பர்கூர்ப் புளியமரத்தடியில் நிறுத்தி 'நைனா'வைப் போடுவோம், சூளகிரியில் எடுப்போம். நாலு வருஷம் அப்படி ஓடியது. பிறகு போக வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

ரோட்டை அகலப்படுத்தியதில் அந்தப் புளியமரம் போய்விட்டது. சந்தாபுராக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது அபார்ட்மென்ட். கார் குஜிரிக்கே திரும்பிப் போனது. இன்றைய வண்டிகளில் நகத்தளவு சென்சார் ஒன்று காற்றின் கனத்தைத் தானே பார்த்துக்கொள்கிறது, யாரும் எங்கேயும் இறங்க வேண்டியதில்லை. அந்தப் பழைய லேப்டாப் மட்டும் என் பரணில் இருக்கிறது. ஒருமுறை திறந்து பார்த்தேன். அந்தப் பட்டியலைப் படிக்கிற மென்பொருள் இப்போது அதிலும் திறக்கவில்லை. கோப்பின் 'நைனா' என்ற பெயர் மட்டும் திரையில் தெரிந்தது.