கண்ணாடிக்குள் மூன்று சிகரங்கள்

ஈஸ்ட் ஹாமில் முடி வெட்டிக்கொள்ள ஒரு சலூனுக்குள் நுழைகிறேன். பின்சுவர் முழுக்க ஆல்ப்ஸ் மலைகளின் படம். போன வாரம்தான் சுவிட்சர்லாந்தில் அவற்றை நேரில் பார்த்தேன். அங்கே இடமிருந்து வலமாக ஐகர், மோங்க், யுங்ஃப்ராவ் என்று மூன்று சிகரங்கள். இங்கே யுங்ஃப்ராவ் இடது ஓரத்தில் நிற்கிறது.

"படம் இடது வலதா மாறி இருக்கே?" என்று கேட்கிறேன்.

கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், அறுபது வயதிருக்கும். என்னை நாற்காலியில் உட்காரவைத்துக் கழுத்தில் துணியைக் கட்டுகிறார்.

"ஓம் தம்பி, அச்சடிச்சவங்கள் மாத்திப் போட்டாங்கள். இப்ப கண்ணாடியைப் பாருங்கோ."

எதிரே கண்ணாடியில் மூன்று சிகரங்களும் அதனதன் இடத்தில் இருக்கின்றன.

"பதினொரு வருசம் அந்த மலையடியில ஒரு ஹோட்டல்ல கோப்பை கழுவினனான். கழுவிக்கொண்டு நிண்டா குசினி யன்னலால இப்பிடித்தான் தெரியும்."

"மேலே ஏறிப் பார்த்திருக்கீங்களா?"

"லீவு நாளிலயும் அதைப் பாக்க ஆருக்கு மனம் வரும்?" கத்தரி ஒரு கணம் நிற்கிறது. "இப்பதான் பாக்கிறன்."

முடிந்ததும் எழுந்து வாசலுக்குத் திரும்புகிறேன். சுவரில் யுங்ஃப்ராவ் மறுபடியும் இடது ஓரத்தில். அவர் திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடியே துணியை உதறுகிறார்.