கிணற்றுக்காகச் சொன்ன எழவு

பிரெஞ்சுக்காரன் போய் மூன்று நான்கு வருஷம் இருக்கும். பெரிய ஆலைகளை இங்கே வரவழைப்பதற்கென்றே புது சர்க்காரில் ஓர் ஆபீஸ் வைத்தார்கள். அந்த ஆபீஸ் கை காட்டுகிற நிலத்தை எழுதிக் கொடுத்துவிட வேண்டும், மறுபேச்சு கிடையாது என்று பாகூர்ப் பக்கம் முழுக்கப் பேச்சு. ஒருநாள் எங்கள் கரும்புக் கொல்லையைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டிய முளைக்குச்சிகளை அடித்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இடம் தோதாக இருக்கிறதாம். தண்ணீர் நல்லதா என்று மட்டும் பார்த்துவிட்டால் முடிந்ததாம். எங்கள் தண்ணீர் எப்படி என்று எனக்குத் தெரியாதா? பருப்பு வேக வேண்டுமென்றால் தெருவே எங்கள் கிணற்றுக்குத்தான் குடத்தோடு வரும். அதை நானே எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஜீப் வந்த அன்று வீட்டுக்காரர் டவுனுக்குப் போயிருந்தார். அதிகாரி கண்ணாடிப் பாட்டிலோடு கிணற்றைப் பார்த்து நடந்தார். குறுக்கே போய் நின்றேன்.

"தொடாதீங்க ஐயா. வூட்ல எழவு. தீட்டு."

அவர் நின்றுவிட்டார். யார் போனது என்று கேட்டார். மாமியார் என்று வாயில் வந்துவிட்டது. மாமியாரோ உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தின் சத்தம் சட்டென்று நின்றது. அதிகாரி, பதினாறு கழித்து வருவதாகச் சொல்லிப் போனார்.

உள்ளே போகவே பயமாக இருந்தது. மாமியார் முறத்தை மடியில் வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாடி, என்னை எப்ப எடுக்கறீங்க?"

காலில் விழுந்தேன்.

"எழுந்திரு. சொன்னது சொல்லிட்ட. பதினாறு நாளு நான் வெளிய வரல. அப்பறம் இன்னா பண்ணுவ?"

அந்தப் பதினாறு நாளும் அவர் ஒரு தடவை இருமினால் போட்டது போட்டபடி ஓடிப்போய்ப் பார்ப்பேன். சொன்ன சொல் பலித்துவிடுமோ என்று ஒரு பயம். ஜீப் சத்தம் கேட்டுவிடுமோ என்று இன்னொரு பயம். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் திட்டக்கூட இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

பதினேழாம் நாள் வந்தார்கள். மாமியார் கொல்லைப்புறமாகப் போய்க் கரும்புக்குள் உட்கார்ந்துகொண்டார். அதிகாரி இறைத்த தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு, கையாலும் ஒரு வாய் அள்ளிக் குடித்தார். எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

கரும்புச் சோகை கையெல்லாம் கிழித்திருக்க மாமியார் எழுந்து வந்தார்.

"குடிச்சானா?"

"குடிச்சாரு."

ஒரு மாதம் கழித்து ஆபீஸ் ஆள் வந்தான். நிற்கிற கரும்பை வெட்டிக்கொள்ளலாம், மறுபடி நட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.