ஆளுக்கொரு நாடு

அஞ்சல்வழி பி.ஏ.வுக்கு ஞாயிறுதோறும் கள்ளக்குறிச்சி பள்ளிக்கூடம் ஒன்றில் வகுப்பு நடந்தது. சர்வதேச அரசியல் எடுத்த சாருக்குச் சட்டைப்பை முழுக்கச் சாக்பீஸ் தூள். முதல் வகுப்பிலேயே ஆளுக்கொரு நாடு கொடுத்துவிட்டார். நான் கியூபா. என் பெஞ்சுக்காரன் சோவியத். அந்தந்த நாடாகத்தான் பேசவேண்டும். சொந்தக் கருத்து சொன்னால் உட்காரவைத்துவிடுவார்.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரத்தை வெட்டிப் போட்டிருந்த வாரம், பஸ் இல்லாமல் சார் தியாகதுருகத்திலிருந்து நடந்தே வந்தார். வகுப்பு சாதி பார்த்து, தெருவாரியாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தது. சோவியத் என்னோடு பேசாமல் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டான்.

நான் எழுந்தேன். "இன்னிக்காவது நம்மூரப் பத்திப் பேசலாம் சார். நீங்க இன்னா நெனைக்கிறீங்க?"

"கியூபா இதக் கேக்குமா? உக்காருப்பா."

சோவியத்தை எழுப்பினார். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "கியூபா எங்க நட்பு நாடு சார்" என்றான். சார் தலையாட்டிவிட்டு அடுத்த நாட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு நானும் சோவியத்தும் பேசிக்கொள்ளவே இல்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. வழியெல்லாம் அத்தனை மரத்தைத் தாண்டி வந்த மனுஷனுக்கு, எங்களிடம் சொல்ல ஒரு வார்த்தைகூடவா இல்லை?