றெமிஜியஸ் நிறுத்திய காவல்

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு தமிழ் வீட்டில் சாவு விழுந்தால், மண்டபம் பிடித்து, சாப்பாட்டுக்குச் சொன்ன கையோடு அடுத்த தொலைபேசி வேரோனிக்காவுக்குத்தான் போகும். முப்பத்தோராம் நாளில் கொடுக்கிற நினைவு மலரைத் தட்டச்சு செய்து, படம் வைத்து, பக்கம் கட்டி, அச்சுக்குப் போகிற கோலத்தில் தருபவள் அவள். சைவக்காரருக்குத் தேவாரம், வேதக்காரருக்குச் செபம், இரண்டு பகுதிக்கும் பொதுவாக வம்ச வரிசை.

பேசாலையில் பிறந்தவள். வயது ஐம்பத்திரண்டு. புருஷன் இல்லை. பகலில் பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடைப்பாள். பின்னேரம் மார்க்கம் றோட்டில் ஏழாம் மாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில், கோப்பைகளைத் தள்ளி வைத்துவிட்டுக் கொம்பியூட்டரைத் திறப்பாள். மற்றவர்கள் செய்த மலர்களில் மருமகன் மகனாகியிருக்கிறான், செத்துப்போன தம்பி உயிரோடு எழும்பியிருக்கிறான். அதனால் சகோதரங்கள் பேச்சை விட்ட கதையும் உண்டு. வேரோனிக்காவின் மலரில் பதினான்கு வருடமாக ஒருவராலும் பிழை பிடிக்க முடியவில்லை. "வேரோனிக்காட்டக் குடுத்தாச்சோ? அப்ப யோசிக்காதையுங்கோ" என்பார்கள். அந்த ஒரு வசனம்தான் அவளுடைய சொத்து.

அதைத்தான் றெமிஜியஸ் கெடுத்தான்.

றெமிஜியஸ் அவளுடைய பங்குக் கோயில் ஆள். கிழமை நாட்களில் பிறம்ரனில் பண்டகசாலை வேலை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்தால் வீடு வீடாகப் போய்க் கொம்பியூட்டர் பார்ப்பான். எங்கிருந்தோ இறக்கிய தமிழ் எழுத்துருக்களையும் தட்டச்சுப் பலகைகளையும் ஒன்றாகக் கட்டி, 'தமிழ்ப் பொதி' என்று பெயர் வைத்து, ஒரு பென் ட்றைவில் கொண்டு திரிவான். அன்றைக்கு அவளுடைய வீட்டில் நண்டுக் குழம்பு சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு அதைச் செருகினான். திரையில் சிவப்பாக ஓர் எச்சரிக்கை எழுந்தது.

"தம்பி, என்னவோ சிவப்பாக் காட்டுது."

"உது வெள்ளைக்காரன்ர காவல் அன்ரி. தமிழைக் கண்டா ஆரோ கள்ளன் எண்டு நினைச்சுக் குழறும். இனிக் குழறாமல் செய்து விடுறன்."

மவுஸை நான்கு தரம் அமத்தினான். சிவப்பு போய்விட்டது.

வேரோனிக்கா நம்பினாள். விமான நிலையத்தில் அவளுடைய மிளகாய்த்தூளைத்தானே பிரித்துக் கொட்டினார்கள்? கருவாட்டைத்தானே இரண்டு விரலால் தூக்கிக் குப்பையில் போட்டார்கள்? அவளுடைய குடும்பப் பெயரை எந்தக் கந்தோரிலும் மூன்று தரம் கேட்காமல் எழுதியதில்லை. இந்த நாட்டில் காவலுக்கு நிற்பவன் எவனும் தமிழைத்தான் முதலில் சந்தேகிப்பான் என்பது இருபத்திரண்டு வருடங்களாக அவள் கண்டது. கொம்பியூட்டருக்குள் நிற்கிற காவல் மட்டும் வேறு விதமாகவா இருக்கப்போகிறது?

மூன்று கிழமை கழித்து எல்லாம் பூட்டிக்கொண்டது. ஒவ்வொரு மலரின் பெயரும் வாயில் நுழையாத எழுத்துகளாக மாறியிருந்தது. திறக்க வேண்டுமென்றால் கப்பம் கட்டச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு கடிதம். பதினான்கு வருட மலர்களும் அதற்குள். ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் இருந்த இராசரத்தினத்தின் மலரும் அதற்குள். அவருடைய முப்பத்தோராம் நாளுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. அவருடைய மனைவி அருள்நாயகி பதறிப்போய் வேறு யாரிடமோ கொடுத்தார். வந்த மலரின் வம்ச வரிசையில், முன்பே இறந்த மூத்த அண்ணன், பெயருக்குப் பக்கத்தில் 'கனடா' என்று உயிரோடிருந்தார்.

அடுத்த ஞாயிறு கோயில் மண்டபத்தில் தேத்தண்ணீருக்கு நின்றபோது, தூணுக்கு அந்தப் பக்கம் றெமிஜியஸின் குரல் கேட்டது.

"அன்ரி தனிய இருக்கிறா, பொழுது போகவேணுமெல்லே. கண்ட கண்ட படம் கிடக்கிற பக்கமெல்லாம் போய் அமத்தியிருப்பா. பிறகு வைரஸ் வராமல் வானத்துச் சம்மனசே வரும்?"

ஒருவர் கோப்பைக்குள் சிரித்தார். இன்னொருவர், "வேரோனிக்காவோ? சும்மா இரும்" என்றார். ஆனால் அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

வேரோனிக்கா தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்துகொண்டு ஒன்றை மட்டும் தீர்மானித்தாள். அந்த வாயால்தான் சொன்னான். அதே வாயால், அதே மண்டபத்தில், அவன் திருப்பிச் சொல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டில் கஜனி என்றொரு பிள்ளை. மிசிசாகாவில் ஒரு கந்தோரில் கொம்பியூட்டர் பாதுகாப்பு வேலை. தமிழை நடுவில் விட்டுவிட்டு ஆங்கிலத்துக்குத் தாவுவாள். அவள் வந்து அரை மணித்தியாலம் பார்த்தாள்.

"அன்ரி, உங்கட கார்ட், அந்தக் காவல், நல்ல கார்ட். கொம்பியூட்டரோடயே ஃப்ரீயா வாறது. அது தன்ர வேலையைச் செய்திருக்கு. ஆரோ அதைக் கூப்பிட்டு, 'இந்த முழு வீட்டையும் பாக்காத' எண்டு சொல்லி வைச்சிருக்கினம். ஹூ டிட் திஸ்?"

"அப்ப அது தமிழுக்குக் குழறேல்லையோ?"

"தமிழுக்கோ?" கஜனி சிரித்தே விட்டாள். "அதுக்கு லாங்குவேஜ் எல்லாம் டோன்ட் கெயார் அன்ரி. அந்தப் பொதிக்குள்ள ஒண்டு ஒளிச்சுக் கிடந்திருக்கு. இஞ்ச பாருங்கோ, எழுதி வைச்சிருக்கு."

காவல் தன் குறிப்பேட்டில் எல்லாவற்றையும் பதிந்து வைத்திருந்தது. பொதியின் பெயர், ஆபத்தின் பெயர், ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு பதினேழு. பக்கத்தில் ஒரு சொல்: அனுமதிக்கப்பட்டது. வேரோனிக்கா அதை அச்சடித்து எடுத்தாள்.

"பூட்டினதைத் திறக்கேலாதோ பிள்ளை?"

"சொறி அன்ரி. கொப்பி ஒண்டு வேற இடத்தில வைச்சிருந்தா..."

வைத்திருக்கவில்லை. பதினான்கு வருடம் போனதுதான்.

அடுத்த ஒரு மாதம் அவள் கஜனியை விடவில்லை. சுத்தமாக்கிய கொம்பியூட்டரில் காவலை எழுப்புவது எப்படி, காவலைப் பார்க்காமல் விடச் சொல்லி வைத்த விலக்குகளை அழிப்பது எப்படி, இரண்டாவது அபிப்பிராயத்துக்கு இன்னொரு இலவச மென்பொருளை அதைச் செய்தவர்களுடைய சொந்தப் பக்கத்திலிருந்தே இறக்கிச் சோதிப்பது எப்படி, வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்ததும் அதைக் கழற்றி அலுமாரியில் வைப்பது ஏன். சமையல் குறிப்பு எழுதுகிற கொப்பியில் எல்லாவற்றையும் எழுதினாள். அச்சடித்த தாளை மண்டபத்தில் காட்டினால் ஒருவரும் வாசிக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். றெமிஜியஸுக்குத் திறக்கிற கதவுகள் எல்லாம் மூட வேண்டும். அவன் தனியாக நிற்க வேண்டும். அப்போதுதான் வாய் திறப்பான்.

மலர் செய்ய இன்னும் சிலர் வந்தார்கள். படங்களைப் பென் ட்றைவில் கொண்டு வருவார்கள். செருகியதும் திரை சிவக்கும். வேரோனிக்கா திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைப்பாள்.

"உங்கட வீட்டிலயும் றெமிஜியஸோ வந்து பாத்தது?"

"ஓம், எப்படித் தெரியும்?"

"வாறன். நான் வந்து பாக்கிறன்."

ஸ்ரௌவ்விலுக்கு அருள்நாயகி வீட்டுக்குத்தான் முதலில் போனாள். அருள்நாயகி முகம் கொடுக்கவில்லை. வேரோனிக்கா கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து விலக்குகளை அழித்தாள். காவல் கண் விழித்த கையோடு அதே பொதியைப் பிடித்துக் காட்டியது. அருள்நாயகி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார்.

"உதுதானோ எங்கட மலரைத் திண்டது?"

"உதேதான் அக்கா."

"அந்தப் பெடியன் வேற மாதிரியெல்லோ சொன்னவன்." அருள்நாயகி சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லவில்லை. வெட்கப்பட்டார். "இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

"வேண்டாம் அக்கா. அவன் வந்தா இனிக் கதவைத் திறக்காதையுங்கோ. அது காணும்."

எந்த வீட்டிலும் அவள் ஒரு சதம் வாங்கவில்லை, தேத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சிவப்பு பச்சையாக மாறுகிற அந்தக் கணம்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. ஒவ்வொரு பச்சையும் அவளுக்குள் பால் வார்த்தது. கோடை முடியுமுன் இருபத்தாறு வீடு. மண்டபத்தில் றெமிஜியஸ் நின்ற மூலையில் ஆட்கள் குறைந்தார்கள். அவன் அசையவில்லை. "இப்ப எல்லாருக்கும் அன்ரிவைரஸ் அன்ரி கிடைச்சிட்டா. நடக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டு திரிந்தான்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை கரோலின் தொலைபேசி எடுத்தாள். றெமிஜியஸின் மனைவி.

"அன்ரி, இவர் ஓவர்ரைமுக்குப் போட்டார். கொம்பியூட்டர் ஒரு மாதிரி இழுக்குது. பிள்ளைக்குக் கோயில்ல முதல்நன்மை குடுத்த படமெல்லாம் அதுக்குள்ளதான். உங்களைக் கேக்க எனக்கு வாயில்லை..."

"வாறன்" என்றாள் வேரோனிக்கா. கள்ளனின் வீட்டுக்குள்ளேயே போகிறாள். அங்கே அவன் தனக்கு மட்டும் நல்ல காவல் வைத்திருப்பான். அதையும் படம் பிடித்துக்கொண்டு வரலாம்.

கொம்பியூட்டரைத் திறந்தாள். அதே பொதி. அதே விலக்கு. 'இந்த முழு வீட்டையும் பாக்காத.' அவன் தன் வீட்டையும் அப்படித்தான் விட்டிருந்தான். படங்கள் இன்னும் பூட்டுப்படவில்லை. ஆனால் பொதிக்குள் ஒளிந்து வந்த கள்ளன் உள்ளே குந்தியிருந்தான்.

சதிகாரன் என்று இத்தனை மாதமாக நினைத்திருந்தவன் வெறும் அரைகுறை. அவளுக்கு இரக்கம் வரவில்லை. கோபம்தான் கூடியது. ஒரு அரைகுறையிடமா பதினான்கு வருடத்தைக் கொடுத்தேன்?

கதவு திறந்தது. றெமிஜியஸ் வேலைச் சப்பாத்தோடு நின்றான்.

"இவ இஞ்ச என்ன செய்யிறா?"

"வந்து பாரும்" என்றாள் வேரோனிக்கா.

அவன் பார்த்தான். அவள் விலக்கை அழித்துக் காட்டினாள். சிவப்பு எழுந்தது. அதில் பொதியின் பெயரை அவனே எழுத்துக் கூட்டி வாசித்தான். முகம் சாம்பலாகியது.

"சத்தியமா எனக்குத் தெரியாது அன்ரி. தமிழுக்குத்தான் குழறுது எண்டு நானும்..."

"பொதியைத் தெரியாமல் தந்தனீர். சரி. மண்டபத்தில என்னைப் பற்றிச் சொன்னதையும் தெரியாமலோ சொன்னனீர்?"

அவன் சப்பாத்து வாரை அவிழ்க்கக் குனிந்தான். கரோலின் அவனைப் பார்த்த பார்வையில், அவளுக்கு அந்தக் கதை இதுவரை தெரியாது என்பது விளங்கியது.

"என்ன சொன்னனீங்கள்?" என்றாள் கரோலின்.

வேரோனிக்கா மவுசிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்தாள். "நான் துடைச்சுத் தருவன். பிள்ளையின்ர படம் பிள்ளையின்ர. அதில நான் கை வைக்க மாட்டன். ஆனா முதல் மனிசிக்குச் சொல்லும்."

சொன்னான். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். கரோலின் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வேரோனிக்கா ஒளிந்திருந்ததைத் துடைத்து, படங்களை வெளி டிஸ்க்கில் ஏற்றி, கழற்றி, அவனுடைய கையில் வைத்தாள்.

"நாளைக்கு மண்டபத்தில."

ஞாயிறு, ரோல்ஸும் தேத்தண்ணீரும் பரிமாறும்போது, றெமிஜியஸ் தூணுக்குப் பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமினான். வேரோனிக்கா அன்ரியின் கொம்பியூட்டரைக் கெடுத்தது தான்தான் என்றும், அன்ரி எந்தக் கூடாத பக்கத்துக்கும் போகவில்லை என்றும், தான் சொன்னது பொய் என்றும் சொன்னான்.

"பின்னுக்குக் கேக்கேல்லை" என்றாள் வேரோனிக்கா.

அவன் பலத்துச் சொன்னான். முன்பு கோப்பைக்குள் சிரித்தவர் இப்போது கோப்பைக்குள் பார்த்தார்.

வாசலில் அவளை மறித்தான். "அன்ரி, இனிக் காணுந்தானே?"

"காணாது. உம்மட பொதி கிடக்கிற வீடு இன்னும் பதினேழு. பாதி பிறம்ரன். பஸ்ஸில போனா எனக்கு ஒரு நாளைக்கு ஒரு வீடுதான். காரை எடும்."

"நான் உங்களைக் கொண்டு போய் விட்டால் சரியோ?"

"விட்டிட்டு வெளியில இருக்கிறதில்லை. நீர்தான் பெல் அடிக்கிறது. இப்ப சொன்னதை ஒவ்வொரு வீட்டிலயும் சொல்லுறது. பிறகுதான் நான் கொம்பியூட்டரைத் தொடுவன்."

பிறம்ரனில் முதல் வீட்டின் முன்னால் அவன் காரை நிறுத்தி, சாவியைக் கழற்றினான். வேரோனிக்கா தன் பக்கக் கதவைத் திறந்து இறங்கி, புல்லோரமாக நின்று சேலைத் தலைப்பைச் சரி செய்தாள். அவன் படியேறி மணியை அமத்தினான். உள்ளே காலடி கேட்டது. கதவைத் திறந்த மனிசி அவனைக் கண்டு, "ஆ, றெமித் தம்பியோ, வாரும் வாரும்" என்று முகம் மலர்ந்தார்.

"இல்லை அன்ரி" என்றான் அவன். "உள்ளுக்கு வர முதல் உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும்."